பன்னிரண்டு டிக், ஐந்து பம்ப்

எலும்பு அறுவைச் சிகிச்சை வார்டுக்கு நான் இன்சார்ஜாக வந்த புதிதில், ஒரு நாள் மதியம் 3 மணிக்கு யாரிடமும் சொல்லாமல் ஒரு சுற்று வந்தேன். டிவிடி பம்ப் போடச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தது 12 பேருக்கு. கேஸ் ஷீட்டில் 12 டிக்கும் இருந்தது. காலில் ஓடியது ஐந்துதான். மீதி கட்டில் கம்பியில் தொங்கின, ஒன்று ஈரத்துண்டுக்கு அடியில்.

டிவிடி என்பது காலின் உள்சிரையில் ரத்தம் உறைவது. "படம் போடுற மிஷினா சிஸ்டர்?" என்று ஒரு தாத்தா கேட்டார். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதானே, பாவம்.

நடக்கும்போது கெண்டைச்சதை ரத்தத்தைப் பிழிந்து மேலே அனுப்பும். படுத்தே கிடப்பவருக்கு அந்த வேலையை பம்ப் செய்கிறது. காலில் சுற்றிய உறை நிமிடத்துக்கு ஒருமுறை போலக் காற்றால் உப்பி, அமுக்கி, விடும். உறைந்த கட்டி நழுவி நுரையீரலை அடைத்தால் உயிரே போகலாம். எலும்பு அறுவை நோயாளிகளுக்கு ஒரு நாளில் 18 மணி நேரம் ஓடவேண்டும் என்று அமெரிக்க நெஞ்சக மருத்துவர்களின் 2012 வழிகாட்டுதல் சொல்கிறது.

முதலில் என் நர்ஸ் பிள்ளைகளைத் திட்டத்தான் வாய் வந்தது. அடக்கிக்கொண்டு காரணம் கேட்டேன். பாத்ரூம் போகக் கழற்றியதை மறுபடி மாட்டவில்லை. பிசியோ நடக்கவைத்து நாற்காலியில் உட்காரவைத்துப் போய்விட்டார். புழுக்கத்தில் கால் அரிக்கிறது. இதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். பிளக் பாயிண்ட்டைத்தான் யோசிக்கவே இல்லை. கட்டிலுக்கு இரண்டு, ஒன்றில் ஏர் பெட், இன்னொன்றில் கூட இருப்பவரின் போன் சார்ஜர்!

கால்மாட்டில் இன்னொரு பாயிண்ட் கேட்டு எழுதினேன். வர இரண்டு மாதம் ஆனது. அதுவரை சார்ஜர்களுக்கு நர்ஸ் மேஜையில் இடம் கொடுத்தோம். அரிப்புக்கு, உறைக்குள்ளே மெல்லிய பருத்தித் துணிக்குழாய். டிக்கை எடுத்துவிட்டு, ஷிப்டில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுதச் சொன்னேன். ஷிப்ட் மாறும்போது ஹேண்டோவரில் போர்வையை விலக்கிக் காலைப் பார்த்த பிறகே கையெழுத்து.

உண்மையில் கைகொடுத்தது ஆயாம்மாக்கள். பாத்ரூமுக்குக் கூட்டிப்போவது அவர்கள்தானே? உறைக்குள் இரண்டு விரல் நுழையும் அளவுக்குக் கட்டவேண்டும், டியூப் மாட்டியபடி நடக்கவிடக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தேன். காலில் ஏற்கெனவே ரத்தக்கட்டி உள்ளவருக்கும், ரத்தக்குழாய் அடைப்பு முற்றியவருக்கும் போடக் கூடாது என்பதால் அந்தக் கட்டில்களில் சிவப்பு அட்டை தொங்கவிட்டோம்.

"ஹெப்பாரின் ஊசிதான் போடுறோமே, பம்ப் எதுக்கு?" என்றார் ஒரு டாக்டர். அந்த ஊசியும் ரத்தம் உறையாமல் தடுக்கத்தான், கேள்வி நியாயம்தான். ஊசி போடும் ஐசியு நோயாளிகளுக்குப் பம்பும் சேர்த்ததில் கூடுதல் பலன் தெரியவில்லை என்று 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. எங்கள் வார்டு ஐசியு அல்ல. இருந்தாலும் பம்ப் பற்றாத நாளில், ரத்தக்கசிவு பயத்தால் ஊசி போட முடியாதவருக்கே முதலில் என்று முடிவு செய்தோம்.

இடுப்பெலும்பு முறிந்து வந்த ஒரு பாட்டி மட்டும் கழற்றவே விடமாட்டார். "என் மருமக கூட இப்படிக் கால் பிடிச்சதில்லம்மா" என்பார். பக்கத்துக் கட்டில்காரர் பம்ப் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று ராத்திரி 2 மணிக்கு மணியடிப்பார். அதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.