அமுக்கமும் அடர்த்தியும்: அலுமினா வில்லைக் குறிப்புகள்

மே 20, கொழும்பு

அலுமினாத் (அலுமினியம் ஒட்சைட்டு) தூளை அச்சில் அமுக்கி வில்லையாக்கி, சூளையில் சுட்டு, அமுக்கத்துக்கு ஏற்ப அடர்த்தி எப்படி மாறுகிறது என்று பார்க்கவேண்டும். மழை பிடித்துவிட்டது. பொலிவைனைல் அற்ககோல் என்ற பசை கலந்த தூள் இந்த ஈரத்தில் பிசுபிசுத்து அச்சுச் சுவரில் அப்பும். சிலிக்கா ஜெல் இட்ட பாத்திரத்திலிருந்து அவ்வப்போது எடுத்து நிறுக்கவேண்டும். ஒரேயடியாகக் காய்ந்தாலும் கெடுதல்தான்: பசை விறைத்து, தூள்மணிகள் நசியாமல் நிற்கும், இடையில் உள்ள பொந்து சூளைக்குப் பிறகும் மூடாது.

வில்லைக்கு 1.00 கிராம், அதில் பசை 2%.

மே 21

13 மி.மீ. அச்சின் பரப்பு 132.7 சதுர மி.மீ. ஆகவே 100 மெகாபஸ்கால் அமுக்கத்துக்கு 1.35 தொன் பாரம் போதும். அமுக்கியின் மானி எண்ணெயின் அமுக்கத்தைக் காட்டுவதானால் அதை அப்படியே எழுதக் கூடாது. எண்ணெய் தள்ளும் தண்டின் பரப்பு வேறு, அச்சின் பரப்பு வேறு. அட்டவணைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிழைக்கின்றன.

மே 22

உராய்வைக் குறைக்க அச்சுச் சுவருக்கு அசற்றோனில் கரைத்த ஸ்டியரிக் அமிலம். 50, 100, 150, 200, 300 மெகாபஸ்கால். ஒவ்வொன்றும் 30 வினாடி.

150இல் தடிப்பு 3.40 மி.மீ. பசையைக் கழித்தால் அடர்த்தி 2.17 கி./க.செ.மீ.; பொந்தே இல்லாத அலுமினாவின் முழு அடர்த்தி 3.98 என்பதால் அதில் 54.6%. 50இலிருந்து 100க்குப் போனால் கிடைக்கும் ஏற்றம்தான், ஏறக்குறைய, 100இலிருந்து 200க்கும் கிடைக்கும். மேலே போகப்போக அதே ஏற்றத்துக்குக் கூடுதல் அமுக்கம் வேண்டியிருக்கிறது.

300இல் மேல்முகத்துக்கு 1 மி.மீ. கீழே மயிரிழை போல ஒரு வளையம். நகத்தால் நெம்பியதும் மூடி போலக் கழன்றது. அச்சிலிருந்து தள்ளும்போது வெளியே வந்த பகுதி விரிகிறது, உள்ளே இருப்பதைச் சுவர் பிடித்துவைத்திருக்கிறது. அடைபட்ட காற்றும் சேர்ந்து தள்ளுகிறது. மேல்தண்டில் சிறு பாரம் வைத்தபடி மெல்லத் தள்ளினால் குறையும்.

மே 24

சூளை: 600 பாகை வரை நிமிடத்துக்கு 1 பாகை, அங்கே ஒரு மணி நேரம். பிறகு 5 பாகை வீதம் 1600, இரண்டு மணி நேரம்.

மே 26

150 வில்லையின் மேல்முகம் 10.76, கீழ்முகம் 10.71 மி.மீ. அமுக்கியது மேலிருந்து மட்டுமே. சுவர் உராய்வால் கீழே அமுக்கம் குறைந்தது, அதனால் அங்கே சுருக்கம் கூடியது.

அடர்த்தி காண, வில்லையை நீரில் ஐந்து மணி நேரம் கொதிக்கவைத்து, ஒரு நாள் ஊறவிட்டு நிறுத்தது: உலர்நிறை 0.978 கிராம், நீரில் தொங்கும்போது 0.728, துளைகளில் நீர் நிறைந்த ஈரத்துடன் 0.981. 28 பாகையில் நீரின் அடர்த்தி 0.9962. அடர்த்தி 3.85, அதாவது 96.8%; திறந்த நுண்துளை 1.2%.

இதில் 1 மில்லிகிராம் பிசகினால் அடர்த்தி 0.4% நகரும். நூலில் ஒட்டிய ஒரு குமிழியே போதும். சூளைக்குப் பின் 150க்கும் 200க்கும் உள்ள வேறுபாடு இவ்வளவு சிறிதாகிவிடுவதால் இந்த வில்லைகளை வைத்து அதைத் தீர்மானிக்க முடியாது. பெரிய வில்லை என்றால் பிசகின் பங்கு குறையும்; ஆனால் இதே அச்சில் தூளைக் கூட்டினால் உயரம் கூடி உராய்வும் கூடும். 20 மி.மீ. அச்சு வேண்டும், அதில் 150க்கு 4.8 தொன்.