எண்ணெய் தடவியும் சுருட்டை முடி ஏன் வறண்டு கிடக்கிறது?

எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூட இல்லை. சுருட்டை முடிக்காரர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான். முடிக்கு ஈரம் தருவது தண்ணீர். அந்த ஈரம் சீக்கிரம் ஆவியாகாமல் மூடி வைப்பதுதான் எண்ணெயின் வேலை. காய்ந்த முடியில் எண்ணெயைப் பூசினால் மேலே பிசுபிசுப்பும் உள்ளே சொரசொரப்புமாக இருக்கும். போதவில்லை என்று இன்னும் தடவுவார்கள், பிசுக்குதான் கூடும்.

தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசை நேரான முடியில் நுனிவரை இறங்கிவிடும். சுருளில் அது ஒவ்வொரு வளைவிலும் தேங்கும். சுருள் எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவு குறைவாகத்தான் நுனிக்குப் போய்ச் சேரும். போதாததற்கு, வளைவுகளில் முடியின் மேல்செதில்கள் சற்றுத் தூக்கி நிற்பதால் உள்ளே இருக்கும் ஈரமும் எளிதில் வெளியேறிவிடும். முடி முதலில் நுனியிலும் வளைவுகளிலும் உடைவது இதனால்தான்.

தலைக்குளியல் பெரும்பாலோருக்கு வாரம் ஒரு முறை போதும். மிக நெருக்கமான சுருள் என்றால் பத்து நாள் வரை விடலாம். ஷாம்பு தலைத்தோலுக்கு மட்டும். அலசும்போது வழிகிற நுரையே முடியின் நீளத்துக்குப் போதும். சோடியம் லாரில் சல்ஃபேட் போன்ற கடுமையான சல்ஃபேட் இல்லாததாகப் பாருங்கள். அதற்காக ஷாம்புவையே கைவிட வேண்டாம். கிரீமும் ஜெல்லும் படிந்து படிந்து ஒரு படலமானால் தண்ணீர் உள்ளே போகாது, தலையும் அரிக்கும். உப்புத் தண்ணீரில் குளிப்பவர்களுக்குக் கால்சியமும் மெக்னீசியமும் முடியில் படியும். மாதம் ஒரு முறை ஈடிடிஏ (இந்த உப்புகளைப் பிடித்து நீக்கும் பொருள்) சேர்த்த ஷாம்பு போட்டால் அது கரைந்துவிடும். சோப்பும் சமையல் சோடாவும் வேண்டவே வேண்டாம். இரண்டும் காரத்தன்மை உள்ளவை, செதில்களை இன்னும் விரியச் செய்யும். முடிக்கு ஏற்றது பிஎச் 4.5 முதல் 5.5 வரையிலான லேசான அமிலத்தன்மை.

சிக்கெடுப்பதைக் கண்டிஷனர் போட்ட ஈர முடியில்தான் செய்ய வேண்டும். தோள்வரை நீண்ட முடிக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி பிடிக்கும், கஞ்சத்தனம் கூடாது. முடியை நான்காகப் பிரியுங்கள், அடர்த்தியாக இருந்தால் எட்டாக. முதலில் விரலால், பிறகு பெரிய பல் சீப்பால், நுனியில் தொடங்கி மெல்ல மேலே வாருங்கள். வேரிலிருந்து கீழே இழுத்தால் எல்லாச் சிக்கும் ஒரே முடிச்சாக இறுகும். அதை அவிழ்ப்பதற்குள் பாதி முடி கையில் வந்துவிடும்.

இனிதான் முக்கியமான கட்டம். அலசியதும் துண்டை எடுக்காதீர்கள். தண்ணீர் சொட்டும்போதே, அலசாமல் விடும் வகைக் கண்டிஷனரை ஒவ்வொரு பகுதிக்கும் தடவி, உள்ளங்கையில் கசக்குங்கள். அதன் மேல் எண்ணெய்: மெல்லிய முடிக்கு மூன்று நான்கு சொட்டு, தடித்த நெருக்கமான சுருளுக்குத் தலை முழுக்க ஒரு தேக்கரண்டி. கடைசியில் ஜெல். பிறகு பழைய பருத்தி டி-ஷர்ட்டால் கீழிருந்து ஒற்றி எடுத்துவிட்டு, முழுதாகக் காயும்வரை தொடாதீர்கள். பூத்துண்டால் துவட்டினால் சுருள் கலைந்து பம்மென்று நிற்கும். காய்ந்ததும் ஜெல் விறைப்பாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், கையால் கசக்கினால் இளகிவிடும்.

தேங்காய் எண்ணெயின் இடம் வேறு. அதிலுள்ள லாரிக் அமிலம் முடியின் உள்ளேயே ஊடுருவும். அலசும்போது புரதம் இழப்பதைக் குறைக்கும். அதனால் குளிப்பதற்கு முன் அரை மணி நேரமோ, முந்தின இரவோ தடவுவதில்தான் அதன் பலன் அதிகம். சிலருக்கு அதுவே முடியை விறைப்பாக்கும். அப்படியானால் விட்டுவிடுங்கள், பிடிவாதம் வேண்டாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் முடி உடைகிறதா? உதிர்ந்த ஈர முடி ஒன்றை மெல்ல இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் நீண்டு திரும்பச் சுருண்டால் நலம். நீளாமல் பட்டென்று அறுந்தால் ஈரம் போதவில்லை. கெட்டியான கண்டிஷனர் போட்டுத் தலையைப் பிளாஸ்டிக் உறையால் மூடி, இருபது முப்பது நிமிடம் வையுங்கள். இழுக்க இழுக்க நீண்டு, திரும்பாமல் தொய்ந்து போனால் குறை புரதத்தில். அப்போது ஹைட்ரலைஸ்டு புரதம் (சிறு துண்டுகளாக உடைத்த புரதம்) சேர்ந்த கண்டிஷனர் தேவை. இரண்டையும் குழப்பிக்கொண்டு, தொய்ந்த முடிக்கு மேலும் மேலும் கிரீம் பூசுவது மிகப் பரவலான தவறு.

இரவில் சாட்டின் தலையணை உறை அல்லது சாட்டின் தொப்பி. பருத்தி உறை ஈரத்தையும் உறிஞ்சும், உரசவும் செய்யும். வாரத்தின் நடுவில் வறண்டால் பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு கண்டிஷனர் கலந்து தெளித்துக் கசக்கினால் போதும். இரண்டு மூன்று நாளுக்கு மேல் அந்தக் கலவையை வைத்திருக்க வேண்டாம், கெட்டுப்போகும்.

பிளந்த நுனியை எந்தக் கிரீமும் ஒட்டவைக்காது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை அரை அங்குலம் வெட்டிவிடுங்கள், அதுவும் காய்ந்த நிலையில். ஈரத்தில் நீண்டு தெரியும் சுருள் காய்ந்ததும் பாதிக்கும் கீழே சுருங்கக்கூடும். ஈரத்தில் அளவெடுத்து வெட்டினால் நினைத்ததைவிட வெகுவாகக் குட்டையாகிவிடும்.