கொயோட் நீரூற்றுக்கு எதிர் பெஞ்சு

மெக்சிகோ சிட்டிக்கு வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் இவர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். பத்தரைக்கு சோகலோ சதுக்கம், பன்னிரண்டுக்கு கதீட்ரல், ஒன்றரைக்கு தெம்ப்லோ மாயோர் என்ற பழைய அஸ்டெக் கோயிலின் இடிபாடு. சாயங்காலம் கால் கடுக்க வீடு திரும்பியதும், எதைப் பார்த்தோம் என்று போட்டோவைப் புரட்டித்தான் சொல்ல வேண்டும். ஊர் இருப்பதோ சுமார் 2,240 மீட்டர் உயரத்தில். நாலு படி வேகமாக ஏறினாலே மூச்சு வாங்கும்.

பட்டியலுக்கு முடிவு வந்தது நகரின் ஒரு பகுதியான கொயோவகானில். ஓவியர் ஃப்ரீடா காலோ வாழ்ந்த நீல வீட்டைப் பார்க்கக் கிளம்பினோம். டிக்கெட்டை முன்னாடியே ஆன்லைனில் எடுக்க வேண்டும் என்பது வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது. போக வேறு இடமில்லாமல் ஹர்தீன் சென்தெனாரியோ பூங்காவில் ஒரு இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிரே நீரூற்று, அதற்குள் இரண்டு வெண்கலக் கொயோட்டுகள். ஊர்ப் பெயருக்கே அர்த்தம் ‘கொயோட்டுகள் இருக்கும் இடம்’தானாம். நம் நரிக்குப் பங்காளி முறை என்று வைத்துக்கொள்ளலாம். 1521-இல் அஸ்டெக் தலைநகரை அழித்த ஸ்பானியத் தளபதி கோர்த்தெஸ் முதலில் குடியேறியது இங்கேதான் என்பதெல்லாம் பிறகு படித்தது.

அன்று நாங்கள் பார்த்தது ஆட்களைத்தான். காக்கி உடுப்புக்காரர் ஒருவர் பெட்டி ஆர்கனின் கைப்பிடியைச் சுற்ற, சுருதி விலகிய பாட்டு வந்துகொண்டிருந்தது. கூட வந்தவர் தொப்பியை நீட்டிக்கொண்டு பெஞ்சு பெஞ்சாக வந்தார். பக்கத்தில் ஒரு அம்மா எஸ்கீத்தேஸ் விற்றுக்கொண்டிருந்தார். வெந்த மக்காச்சோள முத்துகளைக் குவளையில் அள்ளி, மயோனைஸ், உதிர்த்த சீஸ், எலுமிச்சை, மிளகாய்த்தூள் போட்டுத் தருவார்கள். மயோனைஸை மறந்துவிட்டால் மெரினா சுண்டலுக்கு நெருங்கிய சொந்தம். “காரமா?” என்று கேட்டதற்கு, “நோ பீகா” என்றார், காரமில்லை என்று. இந்த நாட்டில் நம்பக்கூடாத வார்த்தை அது ஒன்றுதான். “நாங்க பாக்காத காரமா!” என்று வாங்கிய இவர், இரண்டாவது கரண்டியில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெஞ்சின் மறுகோடியில் இருந்த பாட்டி சிரித்துவிட்டு, எந்த ஊர் என்று விசாரித்தார். இந்தியா என்றதும் “ஆ, இந்து!” என்றார். இங்கே இந்தியர் எல்லாருக்கும் பெயர் அதுதான். எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் கேரளக் கிறிஸ்தவரும் இந்துவே. அவர் திருத்தித் திருத்திச் சலித்துப்போனவர்.

அதன்பிறகு எந்த ஊருக்குப் போனாலும் முதலில் பெஞ்சு, அப்புறம்தான் கோயில் குளம். இரண்டு மணி நேர பஸ்ஸில் பொயப்லா நகருக்குப் போனபோதும் அப்படித்தான். தலவேரா என்ற வண்ண ஓடு பதித்த வீடுகளையெல்லாம் மெதுவாகப் பார்த்துக்கொண்டே போனதில், இயேசு சபைக் கோவிலில் கால் நின்றுவிட்டது. கதரீனா தெ சான் ஹுவான் அடக்கமானது அங்கே. மொகலாயர் நாட்டில் பிறந்த பெண், போர்த்துகீசியக் கொள்ளையரிடம் சிக்கி, கொச்சியில் ஞானஸ்நானம் பெற்று, மணிலா கப்பலில் அகாபுல்கோ வந்து இந்த ஊரில் அடிமையாக விற்கப்பட்டார் என்கிறார்கள். ஊரே புனிதர் போலக் கொண்டாட, 1688-இல் இறந்தார். ஆசியாவிலிருந்து வந்தவர் எல்லாரும் அன்று ‘சீனர்’தான், அதனால் அவர் ‘சீனா பொப்லானா’, பொயப்லாவின் சீனப் பெண். அந்தப் பெயரில் ஒரு பாவாடை ரவிக்கையே நாட்டின் அடையாள உடையாகிவிட்டது. அதை அவர் உடுத்தியிருக்க வாய்ப்பில்லை என்பது வேறு விஷயம். விசா எடுத்து விமானத்தில் வந்த எனக்கே முதல் மாதம் அழுகை வந்தது. அவர் யாரிடம் தன் பாஷையில் பேசியிருப்பார் என்று கேட்டேன். இவர் பதில் சொல்லவில்லை.

இவருக்கு ஸ்பானிஷ் இன்னும் தகராறுதான். ஆனால் ‘ப்ரோவேச்சோ’ மட்டும் சரளம். சாப்பிட்டு எழுந்து போகும்போது, பக்கத்து மேஜைக்காரர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும், நன்றாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது இங்கே பழக்கம். போன டிசம்பரில் மதுரையில் ஒரு மெஸ்ஸில் கைகழுவ எழுந்தவர், எதிர் இலைக்காரரைப் பார்த்து “ப்ரோவேச்சோ” என்றார். அவர் ஒரு நிமிஷம் முழித்துவிட்டு, சட்னி வாளியை இந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்.