வெறும் லோரி மாதிரி ஓடிய என் ஸ்விஃப்ட்

எங்கள் வீடு மலேசியாவின் பேராக்கில், உத்தான் மெலிந்தாங்கில். வேலை தெலுக் இந்தானில், ஒரு மருந்துக்கடையில். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலையில் பக்கத்து இருக்கையில் அப்பா இருப்பார். அவரை டயாலிசிஸ் நிலையத்தில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போவேன். நாலு மணி நேரம் கழித்து, இடைவேளை எடுத்துக்கொண்டு வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்புவேன். ஆக அந்த நாள்களில் ஒரே சாலையை நாலு தடவை ஓட்டுகிறேன். எந்தக் குழி எங்கே, எந்த ஒட்டுத்தார் எப்போது போட்டது என்பதெல்லாம் கைக்கே தெரியும்.

காடி 2008 சுசுக்கி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். இசட்.சி.31.எஸ் என்று சொல்வார்களே, அது. 1.6 லிட்டர், 125 குதிரைத்திறன், ஐந்து கியர் மேனுவல். டர்போ இல்லை. ஐயாயிரம் ஆர்.பி.எம்முக்கு மேல் அந்த இன்ஜின் பாடுகிற சத்தத்துக்காகவே வாங்கினேன். இன்றைக்கும் அந்த ஆசை குறையவில்லை.

பிரச்சினை அப்சார்பரில், அதாவது காடியின் துள்ளலை அடக்கும் குழாயில் வந்தது. ஒரிஜினல் அப்சார்பர் ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடித் தளர்ந்துபோயிருந்தது. புதிதாக அதே மாதிரி சாதாரண அப்சார்பர் நாலு வாங்கிப் போட்டிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். காடியைத் தாழ்த்தும் எண்ணம் இல்லாதவர்களுக்கு நான் இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் எனக்குக் காடி கொஞ்சம் தாழ்ந்து, வளைவில் சாயாமல் போக வேண்டும் என்று ஆசை. இணையத்தில் ஒருவர் செகண்ட்ஹேண்ட் ஹை-லோ செட் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-அப்சார்பர் செட், காயில்ஓவர் என்றும் சொல்வார்கள்) 900 வெள்ளிக்கு விற்றார். முன்னால் ஸ்பிரிங்கின் விறைப்பு 7 கிலோ. வாங்கி மாட்டி 50 மில்லிமீட்டர் தாழ்த்தினேன். நின்றால் அழகாக இருந்தது.

மூன்றே மாதத்தில் முன்பக்க இடது அப்சார்பரில் எண்ணெய் கசிந்தது. ஆனால் நான் உண்மையில் மனம் மாறியது அதற்கு முன்பே. ஒரு வியாழக்கிழமை மதியம், டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது, அப்பா வலது கையால் கதவுக்கு மேலிருந்த பிடியைப் பிடித்துக்கொண்டு, ஊசி போட்ட இடது கையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு ஒட்டுத்தாருக்கும் அந்தக் கை துள்ளாமல் இருக்கத் தோளையும் இறுக்கிக்கொண்டார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது இவ்வளவுதான் சொன்னார்: "உன் காடி வெறும் லோரி மாதிரி ஓடுதும்மா."

அப்பா இருபத்தெட்டு வருடம் தோட்டத்து லோரி ஓட்டியவர். செம்பனைக் குலை ஏற்றி ஆலைக்குப் போகும் லோரி. குலை நிரம்பியிருந்தால் லோரி தாலாட்டுகிற மாதிரி போகும், ஆலையில் கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒவ்வொரு கல்லிலும் குதிக்கும் என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லியிருக்கிறார். பட்டை ஸ்பிரிங் அதேதான், மேலே இருக்கும் பாரம்தான் மாறியது. பாரத்துக்காகச் செய்த ஸ்பிரிங்கைப் பாரமில்லாமல் ஓட்டினால் அது வேலை செய்யாது. 7 கிலோ ஸ்பிரிங்கை ஆயிரத்துச் சொச்சம் கிலோ எடையுள்ள ஸ்விஃப்டில் போட்டு நான் செய்ததும் அதுதான்.

அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். 7 கிலோ என்றால் ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 7 கிலோ பாரம் வேண்டும் என்று அர்த்தம். என் காடியில் முன் சக்கரம் ஒவ்வொன்றின் மேலும், சக்கரத்தின் சொந்த எடையைக் கழித்து, ஏறக்குறைய 335 கிலோ உட்காருகிறது. ஸ்பிரிங்கின் விறைப்பையும் அதன் மேலுள்ள எடையையும் வைத்து, காடியின் உடம்பு ஒரு வினாடிக்கு எத்தனை தடவை ஏறி இறங்கப் பார்க்கும் என்று சொல்லிவிடலாம். சாதாரணக் குடும்பக் காடிக்கு அது ஒன்றிலிருந்து ஒன்றரை ஹெர்ட்ஸ். என் 7 கிலோவுக்கு 2.3 வந்தது. 6 கிலோவுக்கு 2.1. 4 கிலோவுக்கு 1.7. சுறுசுறுப்பாக இருக்க வேண்டும், அப்பாவின் கையும் வலிக்கக்கூடாது என்றால் எனக்கு இந்த 1.7 பக்கம்தான் வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். எந்தப் பிராண்டு, அப்சார்பரின் இறுக்கத்தை மாற்றும் குமிழில் எத்தனை கிளிக், என்ன நிறம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். 1885இல் கட்டியது, உள்ளே தண்ணீர்த் தொட்டி வைத்தது. அடியிலிருந்த இளமண் பாரம் தாங்காமல் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. எங்கள் சாலைக்கு அடியிலும் அந்த மாதிரி மண்தான். மேலே குலை லோரி போய்ப் போய்த் தார் அலை அலையாகப் படுத்திருக்கிறது. (ஜெண்டராத்தா தோட்டத்தில் குலைகளைச் சின்னத் தண்டவாளத்தில் பெட்டி பெட்டியாக ஆலைக்குக் கொண்டுபோவார்கள். சின்னப் பிள்ளையில் அப்பாவோடு நின்று பார்த்திருக்கிறேன்.) ஆகவே இங்கே அப்சார்பருக்கு இரண்டு வேலை. நீளமான அலையில் காடியின் உடம்பை அடக்க வேண்டும். ஒட்டுத்தாரின் கூர்மையான விளிம்பில் சக்கரத்தைச் சட்டென்று விட்டுக்கொடுக்க வேண்டும். மலிவான செட்டுகள் பெரும்பாலும் இரண்டாவது வேலையில்தான் தோற்கின்றன.

கையில் 2,500 வெள்ளி வைத்துக்கொண்டு தேடினேன். முதலில் பார்த்தது ஜப்பான் டெய்ன். அவர்களுடைய விலை குறைந்த செட்டுகளில் பல ட்வின்-டியூப். குழாய்க்குள் குழாய். வெளிக்குழாயில் கல் அடித்துக் கொஞ்சம் நசுங்கினாலும் உள்ளே பிஸ்டன் தப்பித்துவிடும், அது நல்ல விஷயம். ஆனால் ஃப்ளெக்ஸ் இசட் மாதிரி செட்டுகள் சீல் வைத்தவை. கசிந்தால் பிரித்துச் சரிசெய்ய முடியாது, அந்த ஒன்றைப் புதிதாக வாங்க வேண்டும். அடுத்தது தைவான் செட்டுகள். பி.சி. ரேசிங் போன்றவை மோனோ-டியூப், 30 கிளிக். ஒரே குழாய், உள்ளே எண்ணெயையும் அழுத்தமான நைட்ரஜனையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரிக்கிறது. சூடானாலும் எளிதில் சோர்வதில்லை, பிரித்து ஓவர்ஹால் செய்யலாம். மூன்றாவது, பெயரில்லாத பெட்டியில் வருகிற ஹை-லோ. அதை நான் ஒரு தடவை பார்த்தாயிற்று.

நான் எடுத்தது தைவான் செட். முக்கியக் காரணம், ஆர்டர் கொடுக்கும்போதே ஸ்பிரிங்கை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். முன்னால் 4 கிலோ வேண்டும் என்றதும் கடைக்காரர் தொலைபேசியில் கொஞ்ச நேரம் பேசவில்லை. "தங்கச்சி, எல்லாரும் 6, 7 கேப்பாங்க. நாலா?" என்றார். நாலுதான் என்றேன். அப்படியானால் நீளமான ஸ்பிரிங் வேண்டும் என்று அவரே சொன்னார். அவர் விஷயம் தெரிந்தவர் என்று அந்த வார்த்தையில் தெரிந்துகொண்டேன். 335 கிலோ உட்கார்ந்தாலே 4 கிலோ ஸ்பிரிங் 84 மில்லிமீட்டர் அமுங்கிவிடும். 7 கிலோ 48தான் அமுங்கும். குட்டையான ஸ்பிரிங்கில் அவ்வளவு இடம் இருக்காது.

இன்னொன்றும் கேட்டு வாங்கினேன்: அப்சார்பரின் மேல் முனையைக் காடியோடு பிடிக்கும் மேல் மவுண்ட் ரப்பராக இருக்க வேண்டும். ரப்பருக்குப் பதில் உலோக உருண்டை வைத்த பில்லோ பால் மவுண்ட் போட்டால் ஸ்டீயரிங் கூர்மையாக இருக்கும், உண்மைதான். ஆனால் எங்கள் மழையிலும் செம்மண் தூளிலும் அந்த உருண்டை தேய்ந்து டொக் டொக் என்று அடிக்க ஆரம்பித்துவிடும். தினம் நாலு தடவை அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்கு மனமில்லை.

மாட்டியது தெலுக் இந்தானில் ஒரு சின்னப் பட்டறையில். அங்கே போமன் அண்ணன், அதாவது மெக்கானிக், ஒரு காரியம் செய்தார், அதை எல்லாரும் கவனிக்க வேண்டும். சக்கரத்தைக் காடியோடு இணைக்கும் கீழ்க்கையின் புஷ் போல்ட்டுகளைக் காடி தூக்கி நிற்கும்போது இறுக்கவில்லை. சக்கரம் மாட்டி, காடியைப் பலகைகளின் மேல் இறக்கி, எடை முழுக்க உட்கார்ந்த பிறகு அடியில் படுத்து இறுக்கினார். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நாளில் கிழியும், உயரமும் பொய்யாகக் காட்டும்.

பின்னால் வேலை வேறு மாதிரி. இந்தக் காடியில் பின்பக்கம் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்புச் சட்டம். ஸ்பிரிங் ஒரு இடம், அப்சார்பர் ஒரு இடம். பெயர் காயில்ஓவர் என்றாலும் பின்னால் காயிலுக்குள் எதுவும் இல்லை. உயரத்தை ஸ்பிரிங் இருக்கையிலுள்ள திருகில் மாற்ற வேண்டும். முன்னால் பாடிஷிஃப்ட், அதாவது கீழ்க்கிண்ணத்தைத் திருகி மொத்த நீளத்தையே மாற்றலாம், ஸ்பிரிங் இறுக்கத்தைத் தொட வேண்டாம். இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஸ்பிரிங்கைத் திருகி இறுக்கினால் ஸ்பிரிங் விறைப்பாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. 4 கிலோ ஸ்பிரிங் எப்படி இறுக்கினாலும் 4 கிலோதான். உயரமும், சக்கரம் கீழே இறங்கக் கிடைக்கும் இடமும்தான் மாறும்.

தாழ்த்தியது 25 மில்லிமீட்டர் மட்டும். சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு பக்கமும் டேப் வைத்து அளந்தோம். அதற்கு மேல் இறக்கினால் கீழ்க்கை மேல்நோக்கிச் சாய்ந்துவிடும், அப்போது காடி வளைவில் குறையாமல் அதிகமாகவே சாயப் பார்க்கும். பழைய செட்டில் 50 இறக்கி ஏன் எதிர்பார்த்த மாதிரி வளையவில்லை என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. அலைன்மெண்ட் உடனே ஒரு தடவை, இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை.

அப்புறம் கிளிக். இதில்தான் அதிக நாள் செலவழித்தேன். முதலில் குமிழை வலப்பக்கம் முழுக்க இறுக்கி, அங்கிருந்து எண்ணிக்கொண்டே தளர்த்த வேண்டும். பட்டறையில் நடுவில், 15இல் வைத்துக் கொடுத்தார்கள். அலை சாலையில் காடி லேசாக மிதக்கிற மாதிரி தோன்றியதால், இறுக்கினால் அடங்கும் என்று 8க்குக் கொண்டுபோனேன். முதல் அலை நன்றாக இருந்தது. இரண்டாவதும் பரவாயில்லை. மூன்றாவது அலையில் அடியில் 'தும்' என்று ஒரு இடி. 80 கிலோமீட்டர் வேகத்தில், தினம் போகிற அதே இடத்தில். மறுநாளும் அதே மூன்றாவது அலையில் அதே இடி.

நடந்தது இதுதான். இந்த மாதிரி ஒரே குமிழ் உள்ள செட்டுகளில் அது பெரும்பாலும் அப்சார்பர் நீளுகிற பக்கத்தைத்தான் இறுக்குகிறது. முதல் அலையில் அமுங்கிய ஸ்பிரிங் முழுசாக நீளுவதற்குள் அடுத்த அலை வந்துவிடுகிறது. ஒவ்வொரு அலைக்கும் காடி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, மூன்றாவதில் பம்ப் ஸ்டாப்பில், அதாவது அப்சார்பர் முழுக்க அமுங்காமல் தடுக்கும் கட்டையில் போய் மோதுகிறது. இறுக்க இறுக்கக் காடி அடங்காமல் தாழ்ந்துகொண்டே போயிருக்கிறது. ஒவ்வொரு கிளிக்காகத் தளர்த்திப் பார்த்து, முன்னால் 19, பின்னால் 23 என்று வந்து நின்றேன். அந்த இடி நின்றுவிட்டது.

உறுதியாகத் தெரிந்துகொள்ள, முன் அப்சார்பர் தண்டில் தூசி உறையைத் தூக்கி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கேபிள் டையைக் கட்டிக் கீழே தள்ளிவிட்டேன். தண்டு எவ்வளவு தூரம் உள்ளே போகிறதோ அவ்வளவு தூரம் டை மேலே ஏறி அங்கேயே நிற்கும். ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் பார்த்தபோது பம்ப் ஸ்டாப்புக்கு இன்னும் 12 மில்லிமீட்டர் பாக்கி இருந்தது. அப்பாவோடு போன மூன்று நாளும் அதில் அடக்கம். பத்து சென் கேபிள் டை சொன்னதை வேறு எந்தக் கருவியும் எனக்குச் சொல்லவில்லை.

புது செட்டோடு முதல் செவ்வாய்க்கிழமை அப்பா எதுவும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது பாதி வழியில் தூங்கிவிட்டார். பிடியைப் பிடிக்கவில்லை. வலது கை மடியில் விரிந்து கிடந்தது. மூன்றாவது அலையைத் தாண்டினேன், விழிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நாலாவது கியரிலேயே மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன்.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. கசிவு இல்லை. பராமரிப்பு ஒன்றுதான்: உயரத்தை மாற்றும் திருகுப் பற்களில் செம்மண் ஏறி, மழையில் நனைந்து, வெயிலில் இறுகி, பூட்டு வளையம் அசையாமல் போய்விடும். அப்படி இறுகிய வளையத்தைக் கொக்கி ஸ்பேனரால் அடித்துக் கழற்றினால் பல் போய்விடும். அதனால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தண்ணீர் அடித்து, பழைய டூத் பிரஷால் ஒவ்வொரு பள்ளமாகத் தேய்த்து, காய்ந்ததும் லேசாகக் கிரீஸ் தடவுகிறேன். மண் வரும்போது துரு மாதிரியே நிறம். விரலில் நெருடினால் மண், பற்றிக்கொண்டால் துரு.

வரும் ஞாயிற்றுக்கிழமை பின் வளையங்களின் முறை. அப்பா தன் பழைய பிரஷை ஏற்கெனவே வாளியில் போட்டு வைத்திருக்கிறார்.