கடிவாள ஆலாவின் புருவம் அமைந்துவிட்டது

நேற்று மாலை, ஐந்தாவது முறையாகச் செதுக்கிய தலையில் புருவம் அமைந்துவிட்டது. கடிவாள ஆலா என்னும் கடற்பறவையின் மாதிரியைச் சென்ற ஆடியில் மரத்தில் தொடங்கினேன்; உடலும் வாலும் மடித்த சிறகுகளும் தை மாதத்திலேயே செதுக்கி முடிந்துவிட்டன. ஆனால் கண்ணுக்கு மேல் ஓடும் ஒரேயொரு வெள்ளைக் கோட்டைச் சரியாகக் கொண்டுவருவதற்கு மேலும் நான்கு மாதங்கள் ஆயின. அந்தக் கோட்டைப் பற்றித்தான் விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனெனில் அது சற்றே பிசகினாலும் கையில் இருப்பது வேறொரு பறவையாகிவிடுகிறது.

ஆங்கிலத்தில் பிரைடில்டு டேர்ன் எனப்படும் இப்பறவையின் அலகடியிலிருந்து கண் வழியாகச் செல்லும் கறுப்புப் பட்டை குதிரையின் கடிவாள வாரை நினைவூட்டுவதால், அதனைக் கடிவாள ஆலா என்று என் குறிப்பேட்டில் எழுதிவருகிறேன். அதன் நெருங்கிய உறவான சூட்டி டேர்னைக் கரி ஆலா என்று குறித்துக்கொள்கிறேன். இரண்டும் வெப்பமண்டலக் கடல்களுக்கு உரியவை. முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் மாதங்கள் தவிர மற்ற நாட்களைப் பெரும்பாலும் கரை தெரியாத தொலைவில் கழிப்பவை. மேலே கருமையும் கீழே வெண்மையும் நெற்றியில் வெள்ளையும் இரண்டுக்கும் பொது. தென்மேற்குப் பருவக்காற்று முற்றும் ஆனி, ஆடி மாதங்களில் களைத்துப்போன ஒன்றிரண்டு பறவைகள் கரைக்குத் தள்ளப்பட்டு வரும்போதுதான் நம்மைப் போன்றவர்களுக்கு அவற்றை அருகில் காணும் பேறு கிடைக்கிறது.

எனக்கு அது குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊரான முட்டத்தில் கிடைத்தது. மூன்று நாட்களாகக் கச்சான் காற்று ஓயாமல் அடித்து, வள்ளங்கள் எல்லாம் கரையில் ஏற்றப்பட்டிருந்த ஒரு காலையில், அவற்றுள் ஒன்றின் விளிம்பில் ஓர் ஆலா காற்றுக்கு எதிர்முகமாக அமர்ந்திருந்தது. அதனை விரட்டிவிடக் கூடாது என்பதற்காகத் தொலைவிலேயே மணலில் உட்கார்ந்து, பக்கவாட்டிலும் முன்னிருந்தும் பின்னிருந்தும் அறுபதுக்கு மேற்பட்ட படங்களை எடுத்தேன். பிறகு அது எழுந்து, அலைகளுக்கு மேல் தாழப் பறந்து மேற்கே சென்றது. அன்று குறிப்பேட்டில் கரி ஆலா என்று எழுதிவிட்டேன். மூன்று வாரங்கள் கழித்துப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது முதுகு பழுப்பாகவும், தலையின் கறுப்புக்கும் முதுகுக்கும் நடுவே கழுத்தில் ஒரு வெளிறிய வளையமாகவும், புருவம் கண்ணைத் தாண்டிச் செல்வதாகவும் கண்டு, எழுதியதை அடித்துத் திருத்தினேன். இத்தனை ஆண்டுகள் பறவை பார்த்த கண், கண்ணெதிரே அமர்ந்திருந்த ஒன்றைத் தவறாகப் படித்தது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. ஒரு பறவையை அளவெடுத்துச் செதுக்கினால் இனி அதனை மறக்க மாட்டேன் என்ற எண்ணத்தில்தான் இந்த மாதிரியைத் தொடங்கினேன். கரையொதுங்கி இறந்த பறவையைப் பதப்படுத்தி வீட்டில் வைத்துக்கொள்ள 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. அது சரியான சட்டம் என்றே கருதுகிறேன். ஆகவே மரம்.

மரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முருக்கு மரம் கைக்கு இலகுவாக இருந்தாலும் உப்புத்தாள் தேய்க்கத் தேய்க்க நார் எழும்புகிறது. சிறகு நுனியில் அது பஞ்சுபோல் ஆகிவிடுகிறது. தேக்கு வேண்டாத பாரம். குமிழ் மரமே இதற்கு ஏற்றது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்: உளிக்கு இணங்குகிறது, நிறம் வெளிறியிருப்பதால் வெள்ளைப் பூச்சு ஒரே கையில் மூடிவிடுகிறது. ஆனால் வாங்கும்போது கவனம் தேவை. நாகர்கோவில் பக்கத்து மர அறுவை மில் ஒன்றில் நன்றாகக் காய்ந்தது என்று சொல்லிக் கொடுத்த கட்டை, செதுக்கி முடித்த பத்தாம் நாள் கழுத்தில் விரிசல் விட்டது. ஒரு மாத வேலை வீணாயிற்று. இப்போது கட்டையை வாங்கியவுடன் சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதிவைத்து, வாரம் ஒரு முறை மறுபடி நிறுத்து, எடை குறைவது நின்ற பிறகே உளியை எடுக்கிறேன்.

அளவுகளில் மயக்கம் இல்லை. கடிவாள ஆலாவின் நீளம் 30 முதல் 32 சென்டிமீட்டர், விரித்த சிறகின் அகலம் 77 முதல் 81 சென்டிமீட்டர். கரி ஆலா அதைவிடப் பெரியது. அதன் சிறகு விரிவு 82 முதல் 94 சென்டிமீட்டர் வரை போகும். நான் 31 சென்டிமீட்டரில் நின்றேன். அலகுக்குப் பனை வைரத்தை முதலில் எடுத்தேன், நார்வாக்கில் பிளந்துபோயிற்று. பிறகு முற்றிய சிரட்டையில் இரண்டு துண்டுகளை எபாக்சி பசையால் ஒட்டி அரத்தால் இழைத்தபோது, 4 சென்டிமீட்டர் நீளத்தில் ஊசிபோல் முடியும் அலகு கிடைத்தது. சிரட்டையின் இயல்பான வளைவே மேலலகின் மெல்லிய வளைவுக்குப் பொருந்திவிட்டது. இதனை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். கண்ணுக்குக் கோட்டாற்றில் வாங்கிய கறுப்புக் கண்ணாடி மணி போதும், ஏனெனில் இப்பறவையின் விழி கரும்பழுப்பு. சற்று விலகி நின்றால் கறுப்பாகவே தெரியும்.

இனிப் புருவம். கரி ஆலாவின் நெற்றி வெள்ளை அகன்ற திட்டாக இருந்து கண்ணுக்கு மேலேயே நின்றுவிடும். கடிவாள ஆலாவின் வெள்ளை நெற்றியில் ஒடுங்கியிருக்கும். அங்கிருந்து மெலிந்துகொண்டே சென்று, கண்ணைக் கடந்து பின்னால் கூராக முடியும். முன்னிருந்து பார்த்தால் இரு புருவங்களும் அலகடியில் கூடும் ஒரு குறுகிய கவட்டைபோல் தோன்றும். எழுத்தில் இது எளிது. முதல் தலையில் வெள்ளையைக் கண்ணின் பின்விளிம்போடு நிறுத்திவிட்டேன். அதனை எடுத்துக்கொண்டு முட்டம் கடற்கரைக்குப் போய், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கடலுக்குச் சென்ற ஒரு முதியவரிடம், “பாட்டா, இந்தப் பறவையைப் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டேன். அவர் மாதிரியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மக்களே, மரத்தடியில வந்து இருக்குத பட்சிக்கு வெள்ள இன்னும் பெறகால போவும்” என்றார். கடலில் மிதந்து வரும் தடிகளின்மேல் அமர்ந்து இளைப்பாறுவது கடிவாள ஆலாவின் தனிப்பழக்கம். மிதக்கும் ஆமையின் முதுகில்கூட அது அமரும். கரி ஆலா அப்படி அமர்வது அரிது. ஆகவே அவர் எந்தப் பறவையைச் சொன்னார் என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. நூல்களில் உள்ள வேறுபாட்டை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

இரண்டாம் தலையில் கோட்டை நீட்டினேன். ஆனால் முழுநீளமும் ஒரே அகலத்தில் இருந்ததால் நாடாவை ஒட்டியதுபோல் ஆயிற்று. மூன்றாவதில் காகிதத்தை வெட்டி அச்சாக வைத்துத் தீட்டினேன். பக்கவாட்டில் அழகாக இருந்தது, முன்னிருந்து பார்த்தால் இடப்பக்கம் உயர்ந்தும் வலப்பக்கம் தாழ்ந்தும் நின்றது. தட்டையான காகிதம் உருண்டையான தலையில் எங்கேயாவது மடியத்தானே வேண்டும். நான்காவதில் கோடு சரியாகவே விழுந்தது. இருந்தும் பறவையின் பார்வை அதில் வரவில்லை. இரண்டு வாரங்கள் அதனைச் சன்னலோரத்தில் வைத்துக் காலையும் மாலையும் பார்த்த பிறகே காரணம் பிடிபட்டது: என் தலை கண்ணுக்கு மேலே சப்பையாக இருந்தது. கடற்பறவைகளின் மண்டையோட்டில் கண்குழிக்கு மேலே உப்புச் சுரப்பி அமர்ந்திருக்கிறது. உணவோடும் நீரோடும் உள்ளே போகும் மிகை உப்பை அது இரத்தத்திலிருந்து பிரித்து நாசித்துளை வழியே வடியவிடுவதால்தான் இப்பறவை நல்ல தண்ணீரைக் காணாமல் மாதக்கணக்கில் கடலில் வாழ முடிகிறது. நான் வழித்துச் செதுக்கிச் சப்பையாக்கியது அந்த இடத்தைத்தான். அங்கே மரத்தைக் கூடுதலாக விட்டு, கண்ணுக்குமேல் ஒரு மெல்லிய வரம்பு எழும்படி ஐந்தாம் தலையைச் செதுக்கினேன்.

தீட்டும் முறையையும் தலைகீழாக்கினேன். இதுவரை கறுப்பின்மேல் வெள்ளைக் கோட்டை வரைந்துகொண்டிருந்தேன். இம்முறை தலை முழுவதையும் வெள்ளையாக்கிவிட்டு, உச்சியின் கறுப்பை மேலிருந்தும், கடிவாளத்தின் கறுப்பைக் கீழிருந்தும் கொண்டுவந்து, நடுவில் எஞ்சியதைப் புருவமாக விட்டுவிட்டேன். மிக மெல்லிய தூரிகையால், இறகு படியும் திசையிலேயே, இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள கீற்றுகளாக இழுக்க வேண்டும். நீண்ட கோடாக இழுத்தால் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் ஆகிவிடும். ஒரு பக்கத்தில் பத்துக் கீற்று போட்டால் உடனே மறுபக்கத்தில் பத்து, பிறகு நிலைக்கண்ணாடிக்கு முன் பிடித்து ஒப்பிடுவது என்று இரண்டு மாலைகள் வேலை செய்தேன். கண்ணின் பின்விளிம்பைக் கடந்து வெள்ளை 6 மில்லிமீட்டர் சென்று மறைகிறது. நான் எடுத்த படங்களில் கணக்கிட்ட அளவும் அதுவே. மாதிரியை மேசையில் வைத்துவிட்டு வாசல்வரை நடந்து திரும்பிப் பார்த்தபோது, வள்ளத்தின் விளிம்பில் அமர்ந்திருந்த அதே பறவை என்னைப் பார்த்தது. இதைவிட நிறைவான ஒரு மாலை இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு வாய்த்ததில்லை.

முதுகின் நிறம் இன்னும் பாதியில் நிற்கிறது. கடலில் எதிர்வெயிலில் எல்லா ஆலாவின் முதுகும் கறுப்பாகத் தெரியும். அதனால்தான் நானும் ஏமாந்தேன். உண்மையில் இது சாம்பல் கலந்த பழுப்பு. புதிய இறகில் சாம்பல் மிகுந்தும், வெயிலில் தேய்ந்த இறகில் பழுப்பு மிகுந்தும் இருக்கும். பர்ன்ட் அம்பரில் அல்ட்ராமரைன் நீலத்தையும் சிறிது டைட்டானியம் வெள்ளையையும் சேர்த்துப் பார்க்கிறேன். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கறுப்பதால், ஈரத்தில் சற்று வெளிறித் தோன்றும்படி கலக்க வேண்டியிருக்கிறது. வீட்டு எல்.இ.டி. விளக்கில் சரியாக இருந்த கலவை முட்டத்து வெயிலில் பச்சை அடித்தது. எனவே பத்துக் கலவைகளைச் சிறு மரச்சில்லுகளில் பூசி எண்ணிட்டு எடுத்துச் சென்று, மேகமூட்டமான ஒரு நாளில் கடற்கரையில் வைத்து ஏழாம் எண்ணைத் தேர்ந்துவைத்திருக்கிறேன். தலையின் கறுப்பு முதுகோடு கலந்துவிடாமல் கழுத்து வளையத்தை வெளிறவிடுவதுதான் அடுத்த கவலை, ஏனெனில் கரி ஆலாவில் உச்சியும் முதுகும் ஒரே கருமையாக ஓடிவிடும்.

இதற்குள் கரி ஆலாவுக்கான கட்டையையும் உலர வைத்துவிட்டேன். இரண்டையும் அருகருகே நிறுத்தினால்தான் பார்ப்பவருக்கு வேறுபாடு விளங்கும். ஆனால் அதனை அமர்ந்த நிலையில் செய்வது பொருந்தாது. கரி ஆலாவின் இறகுகளுக்கு நீரைத் தடுக்கும் திறன் குறைவு. ஆகவே அது கடல்மேல் இறங்கி மிதப்பதே அரிது. கூட்டைவிட்டுப் பறந்த இளம்பறவை மீண்டும் தரைக்கு வருவதற்குள் சில ஆண்டுகளைக் காற்றிலேயே கழித்துவிடுகிறது. சூரை மீன் கூட்டம் கீழிருந்து சிறுமீன்களை மேலே விரட்டும்போது, பறந்தபடியே தாழ்ந்து கொத்தி எடுப்பது அதன் வாழ்க்கைமுறை. விரித்த சிறகோடு, ஒரு கம்பியில் தொங்கும்படி செய்ய எண்ணியிருக்கிறேன். இளம்பறவையையும் செய்ய வேண்டும்: கரி ஆலாவின் குஞ்சு வளர்ந்து சிறகு முளைத்தபின் அடிப்பக்கமும் பெரும்பாலும் கருமையாய், முதுகில் வெண்புள்ளிகளோடு இருக்கும், கடிவாள ஆலாவின் இளையதோ அடியில் வெளுத்தே இருக்கும். லட்சத்தீவின் பிட்டித் தீவில் கரி ஆலாக்கள் திறந்த மணல்வெளியில் நெருக்கமாக முட்டையிடுகின்றன. மகாராட்டிரக் கரைக்கு அப்பாலுள்ள வெங்குர்லா பாறைத்தீவுகளில் கடிவாள ஆலாக்கள் பாறையிடுக்கிலும் புதர் நிழலிலும் மறைவாக ஒற்றை முட்டையிடுகின்றன. என்றேனும் அவ்விரண்டு தரைகளையும் பலகையில் உருவாக்கிக் காட்ட ஆசை.

கடிவாள ஆலாவின் அறிவியல் பெயரின் பிற்பகுதியான அனீத்தெடஸ் என்பதைக் குறித்தும் ஒரு சொல். 1786இல் ஸ்கோபோலி இட்ட பெயர் அது. உணர்வற்றது என்று பொருள். கப்பலில் வந்து அமரும் இப்பறவையை மாலுமிகள் எளிதாகக் கையில் பிடித்துவிடுவார்கள் என்பதால் அப்படி ஒரு பெயர் வந்ததாகச் சொல்வார்கள். முட்டத்தில் நான் கண்ட பறவை என் ஒவ்வோர் அசைவையும் கவனித்துக்கொண்டிருந்தது. பறந்தால் தீர்ந்துபோகும் வலுவை அது சேமித்துக்கொண்டிருந்தது என்றே நான் எண்ணுகிறேன். அந்தப் பெயரை மாதிரியின் பலகையில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

மாதிரியை அமர்த்துவதற்குத் தேங்காய்ப்பட்டணம் கரையில் ஒரு மிதவைத் தடி கிடைத்தது. ஒரு பக்கத்தில் சிப்பிகள் ஒட்டிக் காய்ந்திருக்கின்றன. உப்பு இறங்காமல் பூச்சு நிற்காது என்பதால், இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றித் தொட்டியில் ஊறவைத்திருக்கிறேன். கால்களுக்குப் பழைய மோட்டாரின் செம்புக்கம்பியை முறுக்கி 2 சென்டிமீட்டர் அளவில் வெட்டி வைத்தாயிற்று. விரலிடைச் சவ்வுக்கு எதைப் பயன்படுத்துவது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. மெல்லிய செம்புத்தகட்டை நெருப்பில் காட்டி இளக்கித் தட்டிப் பார்க்கப் போகிறேன். தடி காய்ந்து, கால் பதிந்ததும், முட்டத்துப் பாட்டாவிடம் மறுபடி கொண்டுபோவேன். புருவத்தைப் பார்த்து அவர் சரி என்று சொன்ன பிறகே மேல்பூச்சு அடிப்பதாக இருக்கிறேன்.