பதினெட்டு வயசுக்கு அப்புறம் எந்த ஓபி?

ஆட்டிசம், கவனக்குறைவு, கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே கண்டுபிடிப்பது முன்பைவிட எவ்வளவோ மேல். பிள்ளைகளின் குறைபாடுகளை முன்கூட்டியே கண்டுபிடிக்க மத்திய அரசு 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் நேரிலேயே போய்ப் பார்க்கின்றன. ஆனால் அந்தத் திட்டம் 18 வயதோடு முடிந்துவிடும். கன்னியாகுமரி மாவட்டத்தில் நர்ஸாக வேலை பார்க்கும் எனக்கு அதற்கு அப்புறம் வரும் வருடங்களைப் பற்றித்தான் கவலை.

குழந்தைகள் ஓபியில் (வெளிநோயாளிகள் பிரிவு) டாக்டருக்கு அந்தப் பிள்ளையைத் தெரியும். மீசை முளைத்ததும் பொது ஓபிக்குப் போ என்கிறோம். கிள்ளியூர் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி, ஏர்ஹாரன் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு வந்து சேரும்போதே பிள்ளை பாதி தளர்ந்திருப்பான். அப்புறம் நெரிசல், டியூப்லைட், பெயரைக் கத்திக் கூப்பிடும் சத்தம். டாக்டர் முன்னால் உட்காரும்போது அவன் கத்தினால், வந்த நோவை விட்டுவிட்டுக் கத்தலுக்கு மருந்து எழுதுகிறார்கள்.

குளச்சல் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்துப் பையன் ஒருவன், இருபதை நெருங்கும் வயது, பேச்சு வராது. வலது கன்னத்தில் முஷ்டியால் குத்திக்கொண்டே இருந்தான், ராத்திரி உறக்கமில்லை. வேறொரு இடத்தில் ‘இந்தப் பிள்ளைகள் இப்படித்தான்’ என்று சொல்லி மாத்திரையைக் கூட்டி எழுதியிருந்தார்கள். அவன் அம்மா பேச்சோடு பேச்சாக, “மீன் கறின்னா உசுரு சிஸ்டர், இப்பம் சோத்தையே தொட மாட்டேங்கான்” என்றார். எங்கள் டாக்டர் அதைப் பிடித்துக்கொண்டார். தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் தன் வாய்க்குள் டார்ச் அடித்துக் காட்டினார். அப்புறம் அம்மா வாயில். “இனி உனக்கு, மக்களே” என்றதும் அவனே வாயைத் திறந்தான். கடைவாய்ப் பல் சொத்தையாகி ஈறு வீங்கியிருந்தது. பல்லை எடுத்துப் புண் ஆறியதும் குத்துவது நின்றுபோனது.

பேச முடியாதவர்களுக்குப் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல் எல்லாம் கோபமாகத்தான் வெளியே வரும். ஆட்டிசம் உள்ளவர்களில் சிலருக்கு வலிப்பு முதல்முறையாக வருவதே வளரிளம் பருவத்தில்தான். நடத்தை திடீரென மாறினால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும்.

நன்றாகப் பேசுகிறவர்களின் பாடு வேறு. ஆட்டிசம் உள்ள ஒரு கல்லூரி மாணவி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, “பாப்பாவுக்கு என்ன பண்ணுது?” என்று அம்மாவிடம்தான் எல்லோரும் கேட்டார்கள். ஒரு தாளும் பேனாவும் கொடுத்தோம். மாதவிடாய் வலி எந்த நாளில் தொடங்கும், எத்தனை நேரம் நீடிக்கும், எந்த மாத்திரை வாந்தி வரவைக்கிறது என்று வரிசையாக எழுதித் தந்தாள். அம்மாவுக்கே தெரியாத விவரம் அதில் இருந்தது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே சட்டத் தகுதி, அதாவது தங்கள் முடிவைத் தாங்களே எடுக்கும் உரிமை, உண்டு என்கிறது. சட்டம் வந்து இத்தனை வருடமாகியும் நாம் இன்னும் அம்மா முகத்தைப் பார்த்தே பேசுகிறோம் என்பது எனக்கு வருத்தம்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் கிடையாது. காலையில் முதல் ஆளாகப் பார்க்கலாம். தொடும் முன் சொல்லிவிட்டுத் தொடலாம். வலி வந்தால் எப்படிக் காட்டுவான், எந்தச் சத்தம் ஆகாது, ஊசி என்றால் என்ன செய்வான், என்னென்ன மருந்து சாப்பிடுகிறான் என்று ஒரே பக்கத்தில் எழுதி ஓபி சீட்டோடு பின் பண்ணலாம். ராத்திரி கேஷுவாலிட்டிக்கு வரும்போது அந்த ஒரு பக்கம் எவ்வளவு உதவும் என்பது டியூட்டியில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

பொது ஓபிக்கு மாற்றும் வேலையை 18 வயதில் தொடங்கினால் பிந்திவிடும், 14, 15-லேயே தொடங்க வேண்டும். குழந்தைகள் டாக்டரும் பொது மருத்துவரும் ஒரே அறையில் சேர்ந்து இரண்டு மூன்று தடவையாவது பிள்ளையைப் பார்க்கட்டும். அதற்கு ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் மாதம் ஒரு மதியம், கூட்டம் வடிந்த பிறகு, ஒதுக்கினால் போதும்.