மலைப்பாதையில் நடந்து போனவரை வண்டி இடித்தால்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பல வளைவுகளில் நடைபாதையே கிடையாது. தோட்ட வேலைக்கு நடந்து போகிறவரை வண்டி இடித்தால், இழப்பீட்டு வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் முதல் காகிதத்தில்தான். மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் 'வழுக்கி விழுந்தார்' என்று எழுதிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி அதையே பிடித்துக்கொள்ளும். எந்த வண்டி, எங்கே, எத்தனை மணிக்கு என்று அங்கேயே சொல்லிப் பதிய வையுங்கள். கோவைக்கு அனுப்பினாலும் முதலில் பார்த்த மருத்துவமனையின் நகல் கட்டாயம் வேண்டும்.

எஃப்.ஐ.ஆர். போட்டதும், விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பார்வை மகஜரைப் பாருங்கள். சாலையின் அகலம், நடைபாதை இல்லாதது, ஆள் ஓரத்தில் விழுந்து கிடந்தது எல்லாம் அதில் இருக்க வேண்டும். 'பனிமூட்டத்தில் குறுக்கே வந்துவிட்டார்' என்ற வாதத்துக்கு அதுதான் பதில். அந்த வாதம் எடுபட்டால் இழப்பீட்டுத் தொகையில் ஒரு பங்கு போய்விடும்.

கேரள வண்டியானாலும் அலைய வேண்டாம். விபத்து நடந்த இடத்துக்கோ நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கோ உரிய மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவின்படி கெடு 6 மாதம். கூலிச் சீட்டு, பி.எஃப். கணக்கு, ஊனச் சான்று மூன்றும் சேர்த்து வையுங்கள்.

நிற்காமல் ஓடிய வண்டி அடையாளம் தெரியவில்லை என்றால், கோட்டாட்சியரிடமோ தாசில்தாரிடமோ விண்ணப்பிக்க வேண்டும். கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம். ஒரு கால் முறிவுக்கே இது போதாது என்பதுதான் வேதனை. ஆகவே சோதனைச்சாவடி, கடை கேமரா பதிவுகளை எடுக்கச் சொல்லி அன்றே போலீசில் எழுதிக் கொடுங்கள். சில நாளில் அவை அழிந்துவிடும்.